பேட்டரி காரில் கோலார் தங்கவயலுக்கு

எங்கள் காருக்குப் பெட்ரோல் டேங்க் கிடையாது. இதைச் சொன்னபோது நாங்கள் குடியிருந்த ஜோகுபாளையத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. காய்கறி வண்டிக்காரர் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா, "அப்போ எதுலதான் ஓடுது?" என்று கேட்டாள். நாங்கள் மாடி ஜன்னலிலிருந்து தெருவுக்கு இறக்கியிருந்த கறுப்பு ஒயரைப் பார்த்ததும், "மிக்ஸி மாதிரியா?" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சந்தில் அதற்கு மிக்ஸி கார் என்று பெயர்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. என் கணவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் ஆபீஸாகப் போய் யு.பி.எஸ். பேட்டரிகளைப் பார்த்துச் சரிசெய்யும் வேலையில் இருந்தார். அப்படி ஓர் ஆபீஸில் இருந்த அதிகாரி, வீட்டில் ஆள் கூடிவிட்டதென்று பெரிய கார் வாங்கி, இதை விற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் இரண்டு குழந்தைகளை உட்கார வைக்கலாம் என்கிற அளவுக்கான கார். பேட்டரிகள் எல்லாம் சீட்டுக்கு அடியில். அவற்றுக்கு வயதாகிவிட்டது என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். "வயசானா இன்னா, எனக்கு அதுங்க பாஷை தெரியும்" என்று சொல்லி என் கணவர் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்த பாஷைதான்.

பெட்ரோல், கரென்ட் இரண்டிலும் ஓடும் கார் ஜப்பானில் வந்துவிட்டது என்று ஒருநாள் பேப்பரில் போட்டிருந்தது. அதை எனக்குப் படித்துக்காட்டி, "அதுல பாதி நம்மகிட்ட ஏற்கனவே இருக்குது" என்றார்.

"எந்தப் பாதி? வழியில நின்னுபோற பாதியா?" என்று கேட்டேன். அன்று இரவு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்குள் அது நின்றதே இல்லை. காலையில் அல்சூரில் நான் பில் போடும் நர்சிங் ஹோமில் என்னை இறக்கிவிட்டு, அவர் எலெக்ட்ரானிக் சிட்டி போய், அங்கே ஏதாவது ஓர் ஆபீஸின் ஜெனரேட்டர் ரூமில் சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். இரவில் எங்கள் ஜன்னலிலிருந்து ஒயர் இறங்கும். சத்தமே இல்லாமல் போகும் வண்டி என்பதால் மாடுகள் நகராது, நடக்கிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஹாரன் அடித்தால் கரென்ட் போய்விடும் என்பதுபோல் என் கணவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அண்ணா, கொஞ்சம்" என்பார். கீழ்வீட்டு அம்மாவோ ஒயர் நிரந்தரமாக அங்கே தொங்குவதைப் பார்த்துவிட்டு, அதில் துணி காயப்போட ஆரம்பித்தாள். இதற்கு மட்டும் நான் சண்டை போட்டேன்.

இந்தக் காரை எடுத்துக்கொண்டுதான் நான் என் அப்பா வீட்டுக்குப் போனேன்.

என் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. மாப்பிள்ளை பிடிக்காமல் இல்லை. எங்கள் ஆட்கள்தான், தூரத்துச் சொந்தமும்கூட. ஆனால் இவர்கள் வீடு புத்த வழியில் போகிற வீடு. ஆஸ்டின் டவுனில் ஒரு சிறிய கூடத்தில், புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டோம். தாலி கிடையாது. வேண்டாம் என்று அவர்கள் வற்புறுத்தவில்லை. வேண்டுமா என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். என் அப்பா தங்கச் சுரங்கத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். கிருத்திகை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர். "கழுத்துல ஒண்ணுமில்லாம எம் பொண்ணு நிக்கறத நான் பார்க்கமாட்டேன்" என்று ஒரே வாக்கியம் சொன்னார். அதன் பிறகு என்னிடம் வேறு வாக்கியமே சொல்லவில்லை. போன் செய்தால் அம்மா பேசுவாள். பின்னால் அப்பா இருமுவது கேட்கும். அந்த இருமலைக் கேட்பதற்காகவே நான் பேச்சை இழுப்பேன்.

சில வருஷங்கள் இப்படியே போன பிறகு, தங்கைக்கு வளைகாப்பு என்று அம்மா கூப்பிட்டாள். எங்கள் வீட்டு வழக்கப்படி அக்காதான் முதல் வளையல் போடவேண்டும்.

"அப்பா வரச்சொன்னாரா?" என்று கேட்டேன்.

"வர வேணாம்னு சொல்லல" என்றாள் அம்மா.

கோலார் தங்கவயலுக்கு ரயிலில் போவதுதான் முறை. காலையில் ஏறினால் சுகமாகப் போய் இறங்கிவிடலாம். ஆனால் ஸ்டேஷனிலிருந்து சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே, ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நடக்க எனக்குத் தெம்பில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால், வளையலைப் போட்டுவிட்டு அடுத்த நிமிஷமே கிளம்பிவிட வேண்டும். ரயிலுக்காக அந்த வீட்டில் காத்துக்கொண்டு உட்கார முடியாது. கார் என்றால் நினைத்தபோது கிளம்பலாம். இதை நான் சொன்னதுமே என் கணவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வண்டி ஹொஸ்கோட்டேயைத் தாண்டியதே இல்லை.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் தங்கவயல் வரைக்கும் போகாது, வழியில் ஓரிடத்தில் போட்டாக வேண்டும். அதற்கும் திட்டம் வைத்திருந்தார். அவரோடு வேலை செய்கிறவரின் அண்ணனுக்கு நரசாபுரா பக்கம் மாவு மில் இருக்கிறது. அங்கே நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு, சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். விடிந்ததும் புறப்பட்டோம். சீர்த்தட்டு, பழம், கண்ணாடி வளையல் எல்லாம் பின்சீட்டில். கே.ஆர்.புரம் தொங்குபாலத்தைத் தாண்டியதும் பழைய மெட்ராஸ் ரோட்டை அகலப்படுத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. லாரிகள் எங்களைத் தாண்டும்போதெல்லாம் கார் ஒருபக்கமாகச் சிலிர்த்தது. நான் ஃபேனைப் போட்டேன், அவர் அணைத்தார். ரேடியோவைப் போட்டேன், அதையும் அணைத்தார். நான் தும்மினால்கூட சார்ஜ் காட்டும் முள்ளைப் பார்த்தார் என்று சொன்னால் மிகையில்லை.

மாவு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தோம். மில்காரர் நல்லவர். பென்ச்சைத் துடைத்து உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மில் மட்டும் ஓடவில்லை. பகலில் லோடு ஷெட்டிங், கரென்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். பேட்டரி, ஒயர், பிளக், ஃபியூஸ் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த என் கணவர், கரென்ட் இருக்குமா என்று மட்டும் கேட்டு வைக்கவில்லை. யு.பி.எஸ். வேலை பார்க்கிற மனிதர். கரென்ட் போனாலும் விளக்கு எரிகிற ஆபீஸ்களிலேயே இருந்து பழகிவிட்டார்.

அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து என் பொறுமை போனது. மில்லில் போன் இருந்தது. அப்பா வீட்டுக்குக் கூப்பிட்டு, எடுத்தவரிடம் மில் நம்பரைக் கொடுத்து, நேரமாகும் என்று சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தங்கையே திரும்பக் கூப்பிட்டாள். "ராகுகாலம் வர்றதுக்குள்ள போட்டாகணும்னு சொல்றாங்க. எங்க இருக்கே?" என்றாள். மாவு மில்லில் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

"ஏதாவது செய்யுங்க" என்றேன் என் கணவரிடம். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவர் உடனே எழுந்துவிட்டார்.

மிச்சமிருந்த சார்ஜில் சைக்கிளுக்கு வழிவிட்டு வழிவிட்டு கோலாருக்கு வெளியே வரை ஊர்ந்து வந்தோம். அங்கே சாலையோரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம், பக்கவாட்டில் புகை விட்டுக்கொண்டு ஜெனரேட்டர். என் கணவர் எதுவும் கேட்காமல் வண்டியை உள்ளே திருப்பினார். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் சீர்த்தட்டைப் பார்த்துவிட்டு, நாங்கள் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று கன்னடத்தில் கேட்டார். "ஹெண்ணின கடேயா, கண்டின கடேயா?"

என் கணவர் ஒரு கணம் யோசித்தார். "கரென்ட் கடே" என்றார்.

பெரியவர் புரியாமல் விழித்தார். இவர் வண்டியைக் காட்டி, ஒயரைக் காட்டி விளக்கினார். விளக்க விளக்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் மாமாவே வந்து சமையல்கட்டுக்குப் பக்கத்தில் கிரைண்டர் போடுகிற பிளக்கைக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார். நாங்கள் பந்தியில் உட்கார்ந்தோம். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து ஹோளிகெ என்ற போளியை வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்து இன்னொன்று வைத்தார்கள். என் கணவர் இரண்டையும் சாப்பிட்டார். எனக்கு ஒன்றுமே இறங்கவில்லை. இந்நேரம் யாரோ என் தங்கைக்கு முதல் வளையல் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது ஒரு நடுவயது அம்மா தாம்பாளத்தோடு பெண்களுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும் கை நின்றது. என் கழுத்தைப் பார்த்தார். எனக்குப் பழக்கமான பார்வைதான் அது. ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன். வழக்கமாக நானும் முறைத்துப் பார்ப்பேன். அன்று அதற்குக்கூடத் தெம்பில்லை. "மதுவே ஆகித்யா?" என்று கேட்டார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. "ஆகிதே" என்றேன். அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டு, என் நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். வழியில் பார்த்த ஒரு மனுஷிக்கு என் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இனி அங்கே போவதே வேண்டாம், திரும்பிவிடலாம் என்றுகூடச் சொன்னேன்.

"திரும்பறதுக்கும் சார்ஜ் பத்தாது" என்றார் என் கணவர். "போறதுக்கு வேணும்னா பத்தும்."

பந்தி முடிந்ததும் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். ஏறின வரைக்கும் போதும் என்று கிளம்பினோம். பங்காருபேட்டை தாண்டும்போது வெயில் இறங்கிவிட்டது. தங்கவயலில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் கண்ணில் பட்டபோது முள் அடியில் படுத்துவிட்டது. எங்கள் லைனுக்கு ஏறுகிற மேட்டில் கார் மெதுவாக, மிக மரியாதையாக நின்றது. நான் இறங்கினேன். என்னைத் தெரிந்த முகங்கள் வாசல்களிலிருந்து வந்தன. யாருக்குப் பதில் சொல்லப் பயந்து ரயிலில் வரவில்லையோ, அவர்களே தள்ளினார்கள். "இன்னா பாப்பா, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினார்கள். கரென்ட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. இப்படித்தான் நான் காரில் போய் இறங்கினேன்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். உள்ளே போகவில்லை, வெளியே வரவும் இல்லை. இளைத்திருந்தார். முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தார். பிறகு நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு காரைப் பார்க்க ஆரம்பித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வளைகாப்பு முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போயிருந்தார்கள். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். ஆனால் அப்பா வழியில் நின்றதால் உள்ளே கூப்பிடத் தயங்கினாள்.

அப்பா நகராவிட்டால் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பேன். ஆனால் திரும்பிப் போக வண்டியில் சார்ஜ் இல்லை. என் கணவர்தான் தொண்டையைச் செருமினார். மாமனாரிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது: "மாமா, கொஞ்சம் கரென்ட் வேணும்."

அப்பா அவரைப் பார்த்தார். "எவ்ளோ நேரம்?"

"காலைல வரைக்கும் மாமா."

அப்பா திரும்பி உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்றே நினைத்தேன். உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தால், அப்பா ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன லைன் வீட்டில் பெரிய பிளக் அது ஒன்றுதான். அம்மா, "ஐயோ, உள்ள எவ்ளோ சாமான் இருக்குது" என்றாள். மத்தியானம் செய்த புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், பாயசம் எல்லாம் மிஞ்சி அதற்குள்தான் இருந்தன. அப்பா பிளக்கைப் பிடுங்கினார்.

"கெட்டுப்போவுது பாரு" என்றார் அம்மாவிடம். "அவங்கள உக்காந்து சாப்பிடச் சொல்லு."

என் கணவருக்கு அன்று இரண்டாவது விருந்து. ஒவ்வொரு பாத்திரமாக வெளியே வந்தது. அப்பா ஒயரை வாசற்படி வழியாக எப்படிக் கொண்டுபோவது என்று மாப்பிள்ளையோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர் தடியாக இருந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. இந்தக் கலவரத்துக்கு நடுவே தங்கை, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு, என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்தாள். "நீ மொதல்ல போடணும்னு இருந்தேன், விடல. கடைசியாவது நீ போடு" என்று கையை நீட்டினாள். கழுத்தில் ஒன்றுமில்லாதவள் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் வாசலில் ஒயருக்கு அடியில் கோணித்துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் வளையலைப் போட்டுவிட்டு அழுதேன். தங்கையும் அழுதாள். பிறகு மாவு மில் கதையைச் சொல்லி இருவரும் சிரித்தோம்.

அன்று அந்த வீட்டில் படுத்தேன். அப்பா திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டார். என்னிடம் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லாமே அம்மா வழியாகத்தான் வந்தது, தலையணைகூட.

காலையில் காரில் சார்ஜ் நிறைந்திருந்தது. என் கணவர் ஒயரைச் சுருட்டி வைத்தார். அம்மா ஃபிரிட்ஜைத் திரும்ப மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலுக்கு வந்து முழங்கையைச் சொறிந்தார். கையெல்லாம் கொசு கடித்துத் தடித்திருந்தது.

"ராத்திரி பூரா கொசு" என்றார், யாரையும் பார்க்காமல். "கதவச் சாத்த முடியல."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ராத்திரிக்கே இப்படி என்றால் இனிமேல் வரவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாய் எப்போதும் கொஞ்சம் முன்னால் போகிற வாய்தான். அதற்குள் அப்பா ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இங்க வெளிய ஒரு பவர் பிளக் போட்டு வெக்கறேன். ஒயர உள்ள இழுக்க வேணாம்" என்றார். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"மறுபடி எப்ப வர்றே?" என்று கேட்டார்.

"தங்கச்சிக்குக் கொழந்த பொறந்ததும் வர்றேன்பா."

அப்பா சுவரை இன்னொரு தடவை தட்டினார்.

"அதுக்கு ரொம்ப நாளாவுமே" என்றார்.